இஸ்திரி போட்ட நூறு

"இது என்ன?"

"நோட்டு, மேடம்."

"இது நோட்டா? பஸ் டிக்கெட் மாதிரி இருக்கு!"

அவள் உள்ளங்கையில் நூறு ரூபாய் நோட்டுகள் ஐந்து, சுருங்கி முறுக்கிக்கொண்டு கிடந்தன. எதிரே நின்றவன் கையில் இஸ்திரிப் பெட்டி... இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

காலை நேரலைக்கு நாற்பது நிமிடம்தான் பாக்கி. தலைமை வங்கி போன மாதம் வெளியிட்ட இந்தப் பிளாஸ்டிக் நோட்டை யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். எந்தக் கடையில் நீட்டினாலும் "பழசு இருந்தா குடுங்க" என்ற ஒரே பல்லவி. டிவி வினாடி வினாவில் இதையே பரிசாகக் கொடுத்து ஜனங்களுக்குப் பழக்கலாம் என்று மேலதிகாரியிடம் மூன்று வாரம் மன்றாடியவள், வங்கியின் விளம்பர அதிகாரியான இவள். இது சொதப்பினால் விளம்பரப் பிரிவுப் பக்கமே அவளை விடமாட்டார்கள்.

"எதுக்குங்க இஸ்திரி போட்டீங்க?"

"நான் செட் அலங்காரம் பண்றவன் மேடம். கேமரா முன்னாடி ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. திரை, மேசை விரிப்பு, எல்லாத்தையும் நான்தான் தேய்ப்பேன். உங்க நோட்டு சுருண்டு சுருண்டு நின்னுது... மேல துணி போட்டு ஒரு இழுப்பு இழுக்கலாம்னு பார்த்தேன். அஞ்சோட நிறுத்திட்டேன், மீதியெல்லாம் பத்திரமா இருக்கு."

என்ன ஒரு பெருந்தன்மை! அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காலையிலிருந்தே இந்த நாள் அவளைப் படுத்துகிறது. நோட்டுப் பெட்டி பாதுகாப்பு வண்டியில் முன்னதாகவே வந்துவிட, அவள் பின்னால் காரில் வந்தாள். சற்று முன் கொட்டும் மழையில், வாசல் காவலாளி வண்டி நிறுத்தும் கட்டணமாக அந்தப் புது நோட்டை வாங்க மறுத்துவிட்டார். "பொம்மை நோட்டும்மா இது. போகும்போது நல்ல நோட்டு குடுத்துட்டு அடையாள அட்டையை வாங்கிக்குங்க" என்று வங்கி அட்டையையே பறித்து வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் நனைந்துகொண்டே சண்டை. அதை மாடி ஜன்னலில் ஒருவன் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தது வேறு...

"சேதப் படிவம் எழுதணும். 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. உங்களைத்தான் போடப் போறேன்."

"போடுங்க. வேலை போயிடும்..." அவன் கெஞ்சவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். அவள் எழுதிய விளம்பரத் துண்டுப் பிரசுரம்! "மூணு தடவை படிச்சேன் மேடம். நனையாது, கிழியாது, துவைச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு இருக்கு. சூடு காட்டக் கூடாதுன்னு எங்கேயும் இல்லையே?"

அவள் தாளை வெடுக்கென்று வாங்கினாள்.

இருந்தது. முதலில் எழுதியபோது 'இஸ்திரி போடாதீர்கள்' என்று ஒன்பதாவது வரி இருந்தது. தாளில் இடம் போதவில்லை. 'நோட்டை எவன் இஸ்திரி போடுவான்?' என்று சிரித்துக்கொண்டே சிவப்புப் பென்சிலால் அடித்தவள் அவளேதான். அந்த எவன்... இதோ, எதிரே நிற்கிறான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கண்கள்... மழை விட்ட முற்றம் போல் அத்தனை தெளிவாக இருந்து தொலைத்தன. திருப்பிக் கோபப்படக்கூடவா தெரியாது இந்த ஆளுக்கு?

"இதையே முதல் கேள்வியா வெச்சிடலாமா மேடம்? 'இந்த நோட்டுக்கு என்ன ஆச்சு?'ன்னு."

"ஊர் சிரிக்கவா?"

"சிரிச்சா மறக்க மாட்டாங்க. நடந்ததை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்... நானே சொல்லிடறேன்."

"வேண்டாம்" என்றாள் அவள் எரிச்சலாக. "நானே சொல்றேன்."

மேடை விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. போட்டியாளரான தையல்கார அம்மா குட்டி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நோட்டோட குழந்தையா?" அரங்கமே சிரித்தது.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "இஸ்திரி போட்டோம். இந்த நோட்டு எல்லாத்தையும் தாங்கும், சூட்டை மட்டும் தாங்காது. அந்த எச்சரிக்கையைப் பிரசுரத்துலேர்ந்து எடுத்தது நான்தான். தப்பு என்னோடது."

கேமராவுக்குப் பின்னால் நின்றவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதல் போன் அம்மாவிடமிருந்து. "ஏண்டி, ஊருக்கு முன்னாடியா தப்பை ஒத்துக்குவாங்க? உங்க பெரியம்மா, பீரோவுல ஒளிச்சு வெச்சிருந்த புது நோட்டை எடுத்துத் தடவித் தடவிப் பார்க்கிறாளாம்!" அடுத்தது மேலதிகாரி. "நாளைக்குக் காலையில புதுப் பிரசுரத்தோட என் ரூமுக்கு வாங்க. ஒன்பது வரியும் இருக்கணும்."

அப்பாடா... வேலை தப்பித்தது. படிவத்தை எழுதலாம் என்று எடுத்தால், 'காரணம்' கட்டத்தில் ஏற்கெனவே யாரோ குண்டு குண்டாக எழுதியிருந்தார்கள்.

'இஸ்திரிப் பெட்டியைச் சூடேற வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். மழையில் ஒரு பெண் ஒற்றை நோட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்; பெட்டி அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. இன்னும் கண்ணை எடுக்க முடியவில்லை.'

கடவுளே! முகம் சிவக்க அவனைத் தேடிப் பிடித்தாள்.

"இதை எப்படி மேலிடத்துக்கு அனுப்புறது? அடிச்சிட்டு வேற எழுதுங்க!"

"ஒரு வரியை அடிச்சதுக்கே இவ்வளவு ஆயிடுச்சு, மேடம்..."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். அவன் குடையோடு பின்னாலேயே ஓடி வந்தான்.

காவலாளியிடம் அதே புது நோட்டை நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்... விரலால் தடவினார். "இஸ்திரி போடலையேம்மா?" என்று கேட்டுப் பையில் வைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தார். ஒரு மாதத்தில் முதல் முறையாக ஒருவர் மறுபேச்சில்லாமல் அதை வாங்கியிருக்கிறார்! அவளுக்குக் கண் கலங்கியது.

மழை குடை மேல் படபடத்தது. அவன் முக்கால் குடையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டிருந்தான்.

"கிட்ட வாங்க. நனையுறீங்க" என்று அதட்டினாள்.

வந்தான்.

"காலையில அந்தச் சண்டை ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"அப்புறம் ஏன் பத்து நிமிஷம்...?"

"ஜன்னல்ல ஒருத்தர் நின்னு பார்த்துட்டிருந்தாரே..." குரல் தாழ்ந்தது. "அந்தாள் போயிடக் கூடாதேன்னு போட்டேன்."