கார்பரேட்டருக்கு ஒரு பொட்டு

மெட்ராஸ் ரயில் வர இன்னும் சரியாக ஒரு மணி நேரம் இருந்தது.

அதை விட்டால் மெஹர்பானு அக்காவின் நர்ஸ் வேலை போய்விடும். நாளைக் காலையில் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும்.

மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு அந்தப் பழைய ஃபியட் வாடகைக் கார் பறந்தது. ஓட்டியவர் மூக்காண்டி. பக்கத்தில் அவர் மகள் அன்னக்கிளி. பின் சீட்டில் அக்காவும் ஒரு டிரங்குப் பெட்டியும்.

ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்தார். கார் குலுங்கி நின்றுவிட்டது.

செல்ஃப் போட்டார். கிளம்பியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். மறுபடியும் அணைந்துவிட்டது.

"எல்லாம் மெக்கானிக் வெள்ளத்துரை வேலை! போன வாரம்தான் கை வச்சான். இன்னைக்குப் பட்டறை பூட்டு. நாளைக்குப் போயி நாலு கேள்வி கேக்குதேன்."

"அண்ணாச்சி, ரயிலு..." அக்கா பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பயப்படாத தாயி. காலை எடுக்காம மிதிச்சுக்கிட்டே போயிருதேன்."

"ஆட்டு மேலயாப்பா?" என்றாள் அன்னக்கிளி.

அடுத்த முறை செல்ஃப் முனகியது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, மிதிச்சா நல்லா ஓடுது. சும்மா நிக்கும்போதுதான் அணையுது. நேத்துக் காலையில இப்படி இல்லியே?"

நேற்று மாலைதான் காருக்கு ஆயுதபூஜை போட்டார்கள்.

அன்னக்கிளி குதித்து இறங்கினாள். பானெட்டைத் திறந்தால், எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ரேடியேட்டருக்குப் பொட்டு, பேட்டரிக்குப் பொட்டு. கார்பரேட்டருக்கு மட்டும் ரொம்பப் பெரிய சந்தனப் பொட்டு.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்பரேட்டர்தான். எஞ்சின் ஓடியபடி கார் சும்மா நிற்கும்போது, அது ஒரு ஊசித் துளை வழியாகக் காற்றை இழுக்கும். அப்பா அதைத் துடைக்கும்போது அவள் பார்த்திருக்கிறாள். இப்போது அந்தத் துளையைக் காணோம்!

"அக்கா, முக்காட்டுல குத்தியிருக்க ஊக்கைத் தாங்க!"

"ஏட்டி, கை சுடும்!"

"சுட்டா சுடட்டும்பா!"

காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினாள். துளையில் இருந்ததை உள்ளே தள்ளிவிடாமல், ஊக்கு முனையால் நோண்டி எடுத்தாள்.

"போடுங்கப்பா!"

கார் கிளம்பியது. அப்பா மெல்லக் காலை எடுத்தார். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. கார் மட்டும் விட்டது. டுக்கு... டுக்கு... டுக்கு...

"ஓடுது! ஓடுது!" அக்கா டிரங்குப் பெட்டியில் தாளம் போட்டாள்.

அவர்கள் ஸ்டேஷனுக்குள் ஓடவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. அக்கா ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ வெள்ளத்துரை மேல தப்பில்லையே அண்ணாச்சி! அங்கன சந்தனம் வச்சது யாரு?"

அப்பா சிக்னல் கம்பத்தைப் பார்த்தார். அன்னக்கிளிக்குத் தெரியும். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

ரயில் நகர்ந்தது. அப்பா கூடவே நாலு எட்டு ஓடி, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"நான்தான் தாயி வச்சேன்!"