ஏழாவது கதவு

கால் காயவில்லை.

பெரியவர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏரிப்படுகையிலிருந்து திரும்பி, பின்கட்டுக் குழாயில் முழங்கால்வரை கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, கூடத்து நாற்காலியில் முதுகு சாயாமல் அவர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் பாதத்துக்கடியில் தரை நனைந்திருந்தது. துடைத்தார். மறுபடி ஈரம். இரண்டு வருடமாக மழை பார்க்காத ஊரில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருக்க, இந்த வீட்டுக்குள் மட்டும் சேறும் பாசியும் அழுகிய நாணலும் கலந்த வாடை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"என்ன நாத்தம் இது? ஏரியையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"சும்மா இரு."

"இந்த வயசுல சேத்துல இறங்கி என்ன தேடினீங்க? பல்செட்டையா?"

அவர் செய்துவிட்டு வந்தது சொல்லக்கூடிய காரியமல்ல.

ஊரின் கதை சிறியது. மூன்று பக்கம் குன்று, நடுவில் ஏரி, நான்காம் பக்கம் சரிவு. தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் ஊர் கீழே தண்ணீரோரம் இருந்தது. ஏழு வீடுகள், ஒரே வரிசை. ஒரு மழைக்காலத்தில் குன்றோடைகள் மூன்றும் ஒன்றாகப் பெருக, ஒரே இரவில் ஏரி ஊரை எடுத்துக்கொண்டது. தப்பியவர்கள் சரிவில் ஏறி இப்போதைய தெருவைக் கட்டினார்கள். இங்கேயும் ஏழு வீடுகள்தான். முதல் வீடு பெரியவருடையது. பழைய ஊரிலும் முதல் வீடு நம்முடையதே என்று தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், அவரும் சொன்னார். ஊர்க்கூட்டத்தில் முதல் நாற்காலி, புதுப்படகு இறக்கும்போது முதல் கை, எல்லாம் அந்தச் சொல்லின்மேல்தான் நின்றன.

இதைத்தான் தம்பி கெடுக்கப் பார்த்தான்.

பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா இருந்திருக்கலாம். ஊரின் வரலாறும் நில அமைப்பும் என்று எட்டு மாதமாக ஒரு புத்தகம் எழுதினான். அவன் வரைந்த வரைபடம் டீக்கடைச் சுவரில் தொங்கியது. 'பெரியவரைக் கேளுங்க' என்று சொன்ன வாய்களெல்லாம் 'வாத்தியாரைக் கேளுங்க' என்று மாறின. போன மாதம் வந்த பத்திரிகைக்காரன் அவரைப் பார்த்து, "நீங்க வாத்தியாரோட அண்ணனா?" என்று கேட்டான். அறுபத்தெட்டு வருடத்தில் அவரை யாரும் இன்னொருவனின் அண்ணன் என்று மட்டும் அறிந்ததில்லை.

போன வாரம், தம்பி வீட்டில் இல்லாதபோது, மேசைமேல் புத்தகத்துக்கான படத்தைப் பார்த்தார். பழைய ஊரின் ஏழு கட்டங்கள். ஒவ்வொன்றின் வாசலோரத்தில் அந்தந்தக் குடும்பத்தின் குறிக்கல். முதல் கட்டத்தில் விரித்த கை. கடைசிக் கட்டத்தில், ஏழாவதில், பிறை.

பிறை அவருடைய குடும்பத்தின் குறி. அவர் வீட்டு வாசல் நிலையிலும் அதுதான் செதுக்கியிருந்தது.

ஏரி வற்றி அந்தக் கற்கள் வெளியே தெரிந்தன. நாளைக் காலை தம்பி அவற்றைப் புத்தகத்துக்காகப் புகைப்படம் எடுப்பதாக இருந்தது. அதனால் இன்று உச்சிவெயிலில், ஊர் கண்ணயர்ந்த நேரத்தில், அவர் கடப்பாரையோடு இறங்கினார். செங்கல் அளவுக் கல்தான், சுலபமாகப் பெயர்ந்தது. பிறையைக் கொண்டுபோய் முதல் வாசலில் நட்டார். அங்கிருந்து பெயர்த்த, கை பொறித்த கல் அந்த வெயிலிலும் சில்லென்றிருந்தது. அதை ஏரி நடுவில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரில் வீசினார்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"அண்ணே."

தம்பி வாசலில் நின்றான். வேட்டி விளிம்பெல்லாம் சேறு.

"கீழே போனீங்களா?"

"காத்தாட நடந்தேன்."

"யாரோட போனீங்க?"

"தனியாத்தான். ஏன்?"

தம்பி உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தான். "போறப்ப ஒருத்தர் தடம் இருக்கு. திரும்பி வர்றப்ப ஏழு பேர் தடம் இருக்குண்ணே. ரெண்டு தடவை எண்ணிட்டேன். உங்க தடத்துக்குப் பின்னாடியே வரிசையா ஆறு. வெறுங்கால்."

பெரியவர் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"கல்லை மாத்திட்டீங்க, இல்ல?"

"ஆமாடா. நீ பேரெடுக்க நம்ம வீட்டு மானம்தான் கெடைச்சுதா? நம்மளைக் கடைசியில கொண்டுபோய் வைக்கிற?"

தம்பி சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். பிரிக்கவில்லை. "அந்த வெள்ளத்தைப் பத்தி அப்ப விசாரணை நடந்திருக்கு. இது நம்ம கொள்ளுப்பாட்டி சொன்ன வாக்குமூலம். தண்ணி ஏறினா முதல் வீட்டுக்காரங்க குடும்பத்தோட கெளம்பணும். மூத்தவர் விளக்கோட முன்னாடி. ஒவ்வொரு கதவா தட்டி எழுப்பணும். கடைசிக் கதவு திறக்கிற வரைக்கும் திரும்பக் கூடாது. அதுதான் முதல் வீட்டோட கௌரவம். கடைசிக் கதவு நம்மளுது."

"அதனால என்ன?"

"கொள்ளுத்தாத்தா திறக்கல. 'அவன் தட்டி நான் எந்திரிக்கணுமா, திறக்காதே'ன்னு சொல்லிட்டு, பின்வாசல் வழியா எல்லாரையும் மேலே ஏத்திட்டார். முதல் வீட்டுக்காரங்க திறக்கும் திறக்கும்னு நின்னுட்டே இருந்திருக்காங்க. ஆறு பேர் நம்ம வாசல்லதான் கெடைச்சாங்க. மூத்தவர் மட்டும் கெடைக்கவே இல்ல."

கூடத்தில் வெளிச்சம் குறைந்திருந்தது.

"இதை நான் புத்தகத்துல எழுதலண்ணே. உங்க முகத்துக்காக."

பெருந்தன்மையும் அவனுக்கே போய்விட்டது. பெரியவருக்கு நெஞ்சு எரிந்தது. "எந்திரிச்சுப் போடா," என்றார்.

தம்பி அடுப்படிப் பக்கம் போய், "வர்றேன் அண்ணி," என்று சொல்லி, பின்வாசல் வழியாகப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குப் போனான்.

பெரியவர் எழுந்து முன்கதவைத் தாழிட்டார். தாழ்ப்பாள் நனைந்திருந்தது. சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், கூடத்தைச் சுற்றி ஒரே மட்டமாக ஈரக்கோடு ஒன்று ஓடியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரற்கடை ஏறியது.

தெருக்கோடியில், கடைசி வீட்டில், யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. கதவு திறக்கும் ஒலி. "யாரது?" என்று ஒரு குரல். யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வீடு. மூன்று தட்டு. "யாரு?"

அடுத்தது.

பெரியவர் எண்ணினார். அந்தக் கோடியிலிருந்து எண்ணினால் அவருடைய வீடு ஏழாவது.

நான்கு. ஐந்து. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் வெறுங்கால்கள் ஈரமாக மண்ணில் பதிந்து எழும் சத்தம். ஆறாவது, தம்பியின் கதவு. உடனே திறந்தது. எதிலும் முந்துகிறவன். "யாருங்க?" என்றான் தம்பி. பிறகு அவன் குரல் கேட்கவில்லை.

காலடிகள் வந்தன.

நின்றன.

மூன்று தட்டு.

"கதவு தட்டுறாங்களே, காது கேக்கலையா?" என்றாள் மனைவி. "நான் வரட்டுமா?"

"திறக்காதே."

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவருக்கு உறைத்தது.

கதவடியிலிருந்து தண்ணீர் வந்தது. கறுப்பாக. சத்தமில்லாமல். நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டது.

மறுபடி தட்டு. இம்முறை கதவின் உச்சியில் ஒன்று. நடுவில் ஒன்று. மூன்றாவது மிகத் தாழ்வாக, முழங்காலுக்குக் கீழே. சின்னக் கை.

பொறுமையாகத் தட்டினார்கள். கோபமே இல்லை. திறக்கும் என்று நம்பித் தட்டினார்கள்.

இந்த வீட்டுக்காரன் ஒளிந்தான் என்ற பேச்சு இரண்டாம் முறை வரக்கூடாது. பெரியவர் முதுகை நிமிர்த்தினார். தாழ்ப்பாளை இழுத்தார்.

ஆறு பேர். வரிசையாக. ஒருவர் பின் ஒருவர், உயரப்படி. கடைசியில் ஒரு சிறுமி, தலைமுடியில் பாசி. எல்லோருடைய வலது கையும் தட்டுவதற்காக மடங்கி உயர்ந்திருந்தது. கண்கள் அவரைப் பார்க்கவில்லை. வரிசையின் முன்னால் பார்த்தன.

வரிசையின் முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தார்கள். தண்ணீருக்கடியில், அந்த இடத்தில், அணையாமல் ஒரு விளக்கு எரிந்தது.

முதல் இடம்.

பெரியவரின் வலது கை தானாக மடங்கி மேலே எழுந்தது.