ஜாமீனுக்கு ஒரு குரல்

"கடன் அடைஞ்சுதா? மொதல்ல அதச் சொல்லு," என்றாள் வினோதினி.

"முப்பத்தி நாலு வயசுல அடைஞ்சுதும்மா," என்றது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டி.

குரல் மகள் மித்ராவுடையது. ஆனால் மித்ரா அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளுக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. பெட்டிக்குள் பேசியவளுக்கு நாற்பது.

கல்விக்கடன் என்று போனால் இப்போதெல்லாம் வங்கியில் இந்த அரை மணி நேரம் கட்டாயம். முன்குரல் என்று பெயர். பிள்ளையின் மதிப்பெண், ரத்தம், தூக்கம், போனில் பேசியது, பேசாமல் விட்டது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அதே படிப்பைப் படித்தவர்கள் என்ன சம்பாதித்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக் குழைத்து, பிள்ளை பின்னாளில் என்ன ஆகுமோ அதையே பேச வைத்துவிடும். தாளில் கணக்கைக் காட்டினால் யாரும் பயப்படுவதில்லை, சொந்தக் குரல் சொன்னால் நம்புகிறார்கள் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"பயோமெடிக்கல் படிச்சா சோத்துக்கே லாட்டரின்னு உங்க சித்தப்பன் சொல்றானே அம்மிணி?"

"மொதல்ல அப்படித்தாம்மா இருந்துச்சு. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வெண்டிலேட்டர் ரிப்பேர் பாத்துட்டுத் திரிஞ்சேன். சம்பளத்துல பாதி கடனுக்கே போச்சு. கம்ப்யூட்டர் படிச்சவளுக கார் வாங்கிட்டாளுக, நான் பஸ்ல தொங்கிட்டுப் போனேன். அப்பறம் மேல படிச்சு, ஜெர்மனில செயற்கைச் சிறுநீரகம் செய்யற கம்பெனிக்கு வந்தேன். இப்பக் கணக்குப் பாத்தா அவளுகளவிட நான்தான் மேல."

மித்ராவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியாம்மா!"

"செரி, சந்தோஷமா இருக்கறயா கண்ணு?"

பெட்டி தயங்கியது. "அம்மா, அது வந்து..."

"அது கடன் கணக்குல வராதுங்க மேடம்," என்று அதிகாரி குறுக்கே விழுந்தார். "ஜாமீன் நீங்கதானுங்களே? உங்க குரலும் ரத்தமும் குடுத்துட்டுப் போங்க. நீங்களும் எப்படி இருப்பீங்கன்னு பேங்க்குக்குத் தெரியோணுமில்லீங்க? கடன் முடியற வரைக்கும் பாப்பா முன்குரல நீங்க வீட்ல இருந்தே போன்ல கேக்கலாம், உங்களுத பாப்பா கேக்கலாம்."

"நான் கெழவியாகி என்னத்தப் பொலம்பறனோ! எனக்கே கேக்க ஆசையில்லீங்க," என்று சொல்லிவிட்டு, குரலையும் ரத்தத்தையும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள் வினோதினி.

மித்ரா விடுதிக்குப் போனாள். பிறகு ஊர் ஊராகப் போனாள், கடைசியில் கடல் தாண்டினாள். வினோதினி பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிவிட்டு, ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கும் வீட்டுக்குத் திரும்பினாள்.

ஆரம்பத்தில் முன்குரலைக் கூப்பிட்டது கடனைப் பற்றிக் கேட்கத்தான். கேட்டதும் வைத்துவிடுவாள். ஒருநாள் அந்தக் குரல், "என்னம்மா கொழம்பு இன்னிக்கு?" என்றது. நிஜ மித்ரா இதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவள் எப்போது எடுத்தாலும், "லேப்ல இருக்கேன்மா, சுருக்காச் சொல்லு." சுருக்கமாகச் சொல்ல வினோதினியிடம் ஒன்றுமே இல்லை. முன்குரலுக்கு அவசரமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி குப்பையைத் தள்ளிவிட்ட கதையை முழுதாகக் கேட்டு, "அப்பறம் நீ சும்மாவா விட்ட?" என்று சிரிக்கும்.

ஒருமுறை பேச்சின் நடுவில் மித்ராவே கூப்பிட்டாள்.

"லைன்ல ஆளிருக்குது கண்ணு, அப்பறம் பேசறேன்."

"யாரும்மா?"

மித்ராதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "தெரிஞ்சவங்கதான்," என்று சொல்லி வைத்தாள். அதன் பிறகு மித்ரா கூப்பிடுவது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றும் போனது. வினோதினிக்கு அது உறைக்கவில்லை. மகளோடு தினமும்தானே பேசிக்கொண்டிருக்கிறாள்.

பெட்டி சொன்னபடியே முப்பத்து நாலு வயதில் மித்ரா கடைசித் தவணையைக் கட்டினாள். "ஜாமீன்தாரர் வந்து கைரேகை வச்சாக் கணக்க முடிச்சரலாங்க," என்று வங்கியிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. வினோதினி காய்ச்சல் என்றாள், முழங்கால் என்றாள். கணக்கை முடித்தால் முன்குரலும் முடிந்துவிடும்.

"கைரேகை வெக்காமயே இருந்தர்றேன் கண்ணு," என்றாள் அதனிடமே. "கணக்கு முடியாம இருந்தா இருந்துட்டுப் போவுது. நீ இருப்பயில்ல?"

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நீ ஏன் எனக்குப் போனே பண்றதில்ல?"

"இதென்ன கூத்து! இப்ப யாருகூடப் பேசிட்டிருக்கறேன்?"

"என்கூட. அவகூட இல்லியே. மாசாமாசம் அவளோட விவரத்தை வெச்சுத்தாம்மா என்னைப் புதுப்பிக்கறாங்க. அதுல உன்ற போன் ஒண்ணுகூட இல்ல. மொத நாளு பேங்க்ல கேட்டயே, சந்தோஷமா இருக்கறயான்னு. அம்மா என்கூடப் பேசறதே இல்லன்னு அன்னிக்கே சொல்ல வந்தேன்."

"அன்னிக்கேவா? எப்படிறீ?"

"கணக்குல வந்துச்சும்மா. கடனோட சேராதுன்னு அவரு நிறுத்திட்டாரு."

வினோதினி இணைப்பைத் துண்டித்தாள். மகளின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?" பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். பெயரைப் பார்க்காமலே எடுத்திருப்பாள் போல. "ஒரு நிமிஷம், லைன்ல அம்மா இருக்காங்க. பேசிட்டு நானே கூப்பிடறேன்."

வினோதினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இணைப்பு அறுபடுவதற்குள் மகளின் அருகில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது. கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் வினோதினியுடையதேதான். அவசரமே இல்லாத குரல்.

"யாரு கண்ணு கூப்பிட்டது?"

"யாரோ தெரியலம்மா, பேசவே இல்ல. நீ சொல்லு, என்ன கொழம்பு இன்னிக்கு?"