வியாழக்கிழமைக் கையெழுத்து

இரும்புக் கதவு சுவரில் மோதிய சத்தத்தில் உதவியாளர் அகிலாவின் கையிலிருந்த தேநீர் ததும்பியது. சவூதியின் தம்மாம் நகரில் இருந்த அந்த இன்சூரன்ஸ் சர்வே அலுவலகத்துக்குள் சைட் இன்ஜினீயர் ஆதித்யா வேகமாக நுழைந்தார். பின்னால் டிரைவர் அழகுமலையும் தொழிலாளர் குடியிருப்பைக் கவனிக்கும் கேம்ப் பாஸ் நிஜாமும் வந்தார்கள்.

"ரிப்போர்ட்டை இன்னைக்கே கொடுத்துடுங்க சார். நேத்து சனிக்கிழமை காலை மழையில கம்பெனி பிக்கப் சறுக்கி டிவைடர்ல மோதிடுச்சு. ஒருத்தனுக்குக் கை உடைஞ்சது. நாலு டயர்லயும் காத்து வெறும் பதினஞ்சு பி.எஸ்.ஐ. இந்த டிரைவர் முப்பத்தஞ்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான்," என்றார் ஆதித்யா.

சர்வேயர் விஜயபாஸ்கர் நாற்காலிகளைக் காட்டினார். பிறகு கம்பெனியின் பதிவேட்டைப் புரட்டினார். குளிர்காலத்து மழைக்கும் மூடுபனிக்கும் கம்பெனி ஒரு விதி போட்டிருந்தது. ஒவ்வொரு வியாழன் மாலையும் டிரைவர் டயர்களின் தேய்மானத்தையும் காற்றையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பொய்க் கையெழுத்து என்றால் வேலை போய்விடும். விசாவை முடித்து, ஃபைனல் எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"முப்பத்தஞ்சு இருந்துச்சு சார். நானே அளந்தேன்," என்றார் அழகுமலை. "நேத்து ஸ்டியரிங் கனமாத்தான் இருந்துச்சு. அஞ்சு பேரு ஏறியிருக்காங்களே, லோடுன்னு நெனச்சுட்டேன்."

"வெள்ளிக்கிழமை லீவு. சாவி எங்க இருந்தது?" என்று கேட்டார் விஜயபாஸ்கர்.

"கேம்ப் ஆபீஸ் ஆணியில," என்ற நிஜாம் தரையைப் பார்த்தார்.

விபத்துக்குள்ளான பிக்கப் நேற்றிலிருந்தே அலுவலகத்தின் பின்புறம் பூட்டிக் கிடந்தது. விஜயபாஸ்கர் கண்ணைக் காட்டியதுமே, காற்று அளக்கும் கேஜுடன் அகிலா ஓடினாள். ஐந்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பினாள்.

"நாலுமே பதினஞ்சு சார். வால்வு மூடி ஒண்ணுகூட இல்ல. நாலும் சேர்ந்தாப்ல எப்படி பஞ்சராகும்?"

"பஞ்சர் இல்லம்மா. குளிர் வந்துட்டா இங்க லீவு நாள்ல ஜனங்க எங்க போறாங்க?"

அகிலா ஒரு கணம் யோசித்தாள். "பாலைவனத்துக்கு. மணல்ல புதையாம இருக்க டயர்ல காத்தை இறக்குவாங்க. மூடியைக் கழட்டிட்டு மறுபடி மாட்ட மறந்துட்டாங்க."

"அப்போ இவனே எடுத்துட்டுப் போயிருப்பான்," என்றார் ஆதித்யா.

"இவர் போயிருந்தா, காத்தை மறுபடி அடிக்காம அந்த வண்டியில இவரே ஏறி உக்காந்திருக்க மாட்டார்." விஜயபாஸ்கர் ஒரு தாளை மேசையில் வைத்தார். "வண்டியை இழுத்துட்டு வந்த ரெக்கவரி ஆள் எழுதினது. மோதின முன் டயர் ஒண்ணைத்தான் அவன் அளந்தான். பாக்கி மூணை அகிலா இப்பதான் அளந்தாங்க. நீங்க கதவைத் திறந்துட்டு வரும்போதே நாலும் பதினஞ்சுன்னு சொன்னீங்க. யார் சொன்னாங்க, ஆதித்யா? அழகுமலை இன்னும் முப்பத்தஞ்சுன்னுதான் சொல்லிட்டிருக்கார்."

நிஜாம் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து ஆதித்யாவைப் பார்த்தார்.

"பாலைவனத்துல இருந்து திரும்பி வரும்போது பங்க்ல காத்து மெஷின் ரிப்பேர் சார். காலையில அழகுமலை பார்த்துப்பான்னு விட்டுட்டேன்," என்றார் ஆதித்யா.