பாதிச் சுவர்

காலையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. அவள்தான் கை வைத்து அளந்து போட்டிருந்தாள். மதியம் பார்த்தபோது இரண்டு விரல்தான் நுழைந்தது.

சுவரின் வலது பாதி, கட்டில் பக்கம், வெதுவெதுப்பான மணல் நிறம்: அவள் விருப்பம். இடது பாதி குளிர்ந்த கருநீலம்: கணவனுடையது. மூன்று நாளாக இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதால் பெயின்டர் நேற்று பாதிப் பாதி அடித்துக் காட்டியிருந்தார். நீலம் சுவரைத் தள்ளிக் காட்டும், மணல் கிட்டே கொண்டுவரும் என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் பட்டி பூசப் போய்விட்டார்.

கட்டிலை நகர்த்தியது கணவனின் வம்பாகத்தான் இருக்கும் என்று அவள் போன் செய்தாள்.

“உன் மணல் கலர்தானே, பாசத்துல கிட்ட வருது. கட்டிப் புடிச்சுக்கோ” என்று வைத்துவிட்டான்.

எதிர்ப்பக்க ஜன்னலிலிருந்து சுவர்வரை டேப் பிடித்தாள். மணல் பக்கம் பத்தடிக்கு ஏழு அங்குலம் குறைந்தது. தப்பாகப் பிடித்தோமோ என்று மறுபடி அளந்தாள், எட்டு. நீலப் பக்கம் டேப் பத்தடி தாண்டியும் எதிலும் முட்டாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அங்கிருந்து ஈரச் சிமென்ட் வாடையும், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சில்லிப்பும் வந்தன.

கிட்டே வந்தாலும் சுவர் சுவர்தான். அங்கே சுவரே இல்லை.

டேப் நுனியைப் பிடிக்கத் தவழ்ந்த எட்டு மாதக் குழந்தையை, ஹாலில் பட்டித் தூசி என்பதால், பாயிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

“அண்ணே, நீலத்த மறைச்சுடுங்க. மணலே அடிங்க. இப்பவே.”

பெயின்டர் ரோலரோடு உள்ளே போனார். அவள் பின்னாலேயே போயிருப்பாள், போன் அடித்தது. நீலம்தான், முடிவாகிவிட்டது என்றான் கணவன். மணல் அடித்தாயிற்று என்றாள். பிறகு அவன் அம்மா, இவள் தம்பி, கல்யாணத்தன்று நடந்தது என்று வார்த்தை தடித்தது. கால் மணி நேரம். இம்முறை அவள்தான் முதலில் வைத்தாள், ஜெயித்த திருப்தியோடு.

அறைக்குள் முழுச் சுவரும் மணல். ஈரம். வழவழப்பு.

பாய் காலி.

“பாப்பாவ நீங்க தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேங்க்கா.”

கட்டிலடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. நகத்தால் சுரண்டினாள். மணலுக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் சிமென்ட். கெட்டியாக.

ஈரத்தில் காதை வைத்தாள்.

வெகு தூரத்தில், தரையில் உள்ளங்கை படும் சத்தம். தப். தப். நடுவே ஒரு சிரிப்பு.

தவழ்ந்துகொண்டிருந்தது. தள்ளி. இன்னும் தள்ளி.