இன்னொரு அலறல்

வீலென்ற அலறல் ஒலிப்பதிவுக் கூடத்தை உலுக்கிவிட்டு, பாதியிலேயே இருமலாகச் சரிந்தது.

“பத்தாதும்மா. இன்னொண்ணு,” என்றார் இயக்குநர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

பின்னணிக் குரல் கொடுக்கும் அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு. எறிந்தாள்.

காலையிலிருந்து இதே காட்சி. நகரத்துக் குடும்பம் ஒன்று கிராமப்புறத்துப் பழைய வீட்டுக்குக் குடிபோகிறது. அம்மா பின்னறைக் கதவைத் திறக்கிறாள், கத்துகிறாள். கதவுக்குப் பின்னால் இருட்டைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. பேய் என்று படத்தில் வருவதெல்லாம் ஆடுகிற நாற்காலியும் குறுக்கே ஓடுகிற பூனையும்தான். போட்டுப் பார்த்த விநியோகஸ்தர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஒருவர் குறட்டையே விட்டாராம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அந்த உப்பை இந்த மனிதர் அவள் தொண்டையைச் சுரண்டி எடுக்கப் பார்க்கிறார்.

தொண்டைக்குள் சின்னதாக ஒரு கட்டி. இப்படியே கத்தினால் குரல் போய்விடும், போனால் திரும்பாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தக் குரலில்தான்.

“கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன் சார்.”

“தண்ணியெல்லாம் அப்புறம். சும்மா நிக்காதீங்க, கத்துங்க.”

அவள் விடுவிடுவென்று நடந்து, அவர் உட்கார்ந்திருந்த அறைக்கே போய் நின்றாள்.

“பயம் படத்துல இருக்கணும் சார். என் தொண்டையில இல்ல.”

“நீங்க ஒழுங்கா கத்தியிருந்தா…”

“ஒழுங்கா கத்தலையா? தம்பி, காலையில முதல்ல எடுத்ததைப் போடுங்க. சாரே கேட்டுட்டுச் சொல்லட்டும்.”

தம்பி என்றது ஒலிப்பதிவாளனை. எந்நேரமும் ஒலியளவு காட்டும் முள்ளையே முறைத்துக்கொண்டிருப்பதால் அவனுக்கு ‘மீட்டர்’ என்றே பெயர்.

“அக்கா கேக்கறது நியாயம்தானே சார். ஒரு டேக்கைக்கூட முழுசாக் கேக்க விடல நீங்க.”

“போடாதே,” என்றார் இயக்குநர். முகத்தில் ஈயாடவில்லை.

எரிகிற கோபத்தில் அது எண்ணெய் வார்த்தது. அவளே பொத்தானை அமுக்கினாள்.

திரையில் கதவு திறந்தது. அவளுடைய அலறல் அறையை நிறைத்தது. குறையே சொல்ல முடியாத அலறல்.

அது ஓய்ந்தது.

பிறகு இன்னொரு பெண் பேசினாள். வாய் நிறைய மண்ணை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல, மெதுவாக, உபசாரமாக.

“ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க.”

“இது யாருக்கா? வசனத்துலயே இல்லையே,” என்றான் மீட்டர். படப்பிடிப்பில் பதிவான ஒலியை அடைத்தான். குரல் நிற்கவில்லை. அலறல் பதிவையும் அடைத்தான். இசையை அடைத்தான்.

முட்கள் அத்தனையும் செத்துப் படுத்துவிட்டன.

“எல்லாரும் வாங்க.”

குளிரூட்டிய அறையில் ஈர மண்ணின் வாடை எழுந்தது.

மீட்டர் சுவரிலிருந்து மின் இணைப்பையே பிடுங்கினான். திரை இருண்டது. இயந்திரத்தின் விளக்குகள் அணைந்தன.

“உள்ள வாங்க.”

ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்க்க அவளுக்குக் கழுத்து வளையவில்லை. கோபம் மட்டும் திரும்பியது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்த இயக்குநரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைக் கத்த வச்சீங்களா?”

“படம் எடுத்த அந்த வீட்டுலேர்ந்து என் கூடவே வருதும்மா,” என்று கிசுகிசுத்தார் அவர். “கத்துங்க. நீங்க கத்துறப்ப மட்டும்தான் அது பேசாம இருக்கு.”