இருநூற்றுப் பதினேழாவது கோபுரம்

"வீல்!"

மேப் ரூமைப் பெருக்க வந்தவள் போட்ட அலறலில் மின்வாரிய அலுவலகமே ஓடி வந்தது.

காலை ஒன்பது மணி. மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் சர்வேயர். வாயோரம் நுரை... பாதி குடித்த காபி... டைப் அடித்த ஒரு காகிதம்!

'217-வது கோபுரத்தைத் தவறான இடத்தில் குறித்துவிட்டேன். அவமானம் தாங்கவில்லை. மன்னியுங்கள்.'

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தாள்.

சீஃப் இன்ஜினியர் கைக்குட்டையால் கண்களைத் துடைத்தார். கைக்குட்டை நனையவில்லை.

"தற்கொலை இல்ல மேடம்... கொலை!"

"எப்படிச் சொல்றீங்க?"

"பக்கத்து நாட்டுக்குக் கரண்ட் லைன் இழுக்கப்போறோம். எங்க பவர் ஸ்டேஷன்லேருந்து எல்லை வரைக்கும் கோபுரத்துக்கு நாங்க நம்பர் போடுவோம். அவங்க ஸ்டேஷன்லேருந்து அவங்க போடுவாங்க. எல்லைக் கோபுரம் எங்களுக்கு 143... அவங்களுக்கு 217! நம்ம ஆளு 217ன்னா எழுதுவார்?"

"அப்போ யாரு?"

"வந்திருக்காரே, அவங்க இன்ஜினியர்! நேத்து சர்வேயரோட பெரிய சண்டை!"

"இந்த 217 இங்க யாருக்கெல்லாம் தெரியும்?"

"அவங்க மேப் ரகசியம் மேடம். சர்வேயரும் நானும்தான் பார்த்திருக்கோம்."

அடுத்த அறையில் பக்கத்து நாட்டு இன்ஜினியர் வெலவெலத்துப் போயிருந்தார். சட்டைப் பையில் பகல் விமானத்துக்கு டிக்கெட். விட்டால் பறந்துவிடுவார்... பிடித்தால் வாழ்க்கையே போய்விடும்! இன்ஸ்பெக்டருக்குப் பாவமாக இருந்தது. ஆனால், பாவமாகத் தெரிந்த எத்தனை பேருக்கு அவள் விலங்கு மாட்டியிருக்கிறாள்!

"என்ன சண்டை?"

"எல்லைக் கோபுரத்தை ஏன் அரை கிலோமீட்டர் தள்ளி வெச்சீங்கன்னு கேட்டேன். 'தள்ளினது நான் இல்ல சார், நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன்'னார். அதுக்குள்ள..."

"அந்தக் கோபுரம்... உங்க நம்பர் 217தானே?"

"அது பழைய நம்பர் மேடம்! எல்லையிலேருந்து திருப்பி எண்ண ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு. இப்போ அது ஒண்ணு! புது மேப்பை சீல் வெச்ச கவர்ல இந்த ஆபீஸ் சீஃப் இன்ஜினியருக்கு அப்பவே அனுப்பிட்டோமே!"

இன்ஸ்பெக்டர் விருட்டென்று எழுந்தாள்.

சீஃபின் மேஜையில் தபால் குவியல். அதன் அடியில் அந்தக் கவர்.

சீல் உடையவில்லை!

"சர்வேயர் எழுதியிருந்தா 143. பக்கத்து நாட்டு இன்ஜினியர் எழுதியிருந்தா ஒண்ணு. இன்னும் 217-லயே நிக்கிற ஒரே ஆள் நீங்கதான் சார்! விருந்தாளி எழுதின போலிக் கடிதம்னு நாங்க நம்பணும்னே 217 போட்டிருக்கீங்க. பலே!"

சீஃப் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"மாமனார் நிலத்துல கோபுரம் வந்துச்சு மேடம்... நகர்த்தலைன்னா வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டா என் வீட்டுக்காரி. நகர்த்தினேன். சர்வேயர் கண்டுபிடிச்சிட்டான்..."

"அதுக்கு ஒரு உயிரா!" இன்ஸ்பெக்டர் கவரை அவர் முன்னால் போட்டாள்.

சீஃப் கவரையே வெறித்தார். "பிரிக்கணும் பிரிக்கணும்னுதான் இருந்தேன்... நேரமே கிடைக்கல..."

அவள் விலங்கை மாட்டினாள்.

"இனிமே அந்தக் கவலை வேண்டாம் சார். ஜெயில்ல உங்களுக்கு வர்ற தபாலையெல்லாம் அவங்களே பிரிச்சு, படிச்சுப் பார்த்துட்டுத்தான் தருவாங்க!"